பொட்டு வைத்த நாலு சக்கரம்

"அழிஞ்சு தொலையேன்! உனக்கு இன்னா கேடு!"

மஞ்சள் பெயின்ட்டிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தாள் தேவயானி. தலையும் தோளும் காருக்கு அடியில். காலிரண்டும் அரக்கோணம் ரோட்டுப் புழுதியில். கையில் தின்னரில் நனைத்த துணி. பின்சக்கரத்தின் உள்பக்கம், நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில், ‘ஆர் 2’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. தேய்த்த தேய்ப்பில் அவளுடைய நகப்பூச்சு கரைந்து ஓடியதே தவிர, மஞ்சள் மட்டும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போலப் பளிச்சென்று நின்றது.

"ரயில்வே பெயின்ட்டும்மா அது. இன்ஜின் சக்கரத்துக்கு அடிக்கிறது. ஜென்மத்துக்கும் போகாது!"

சற்று முன்பு காரில் வரும்போது இப்படிப் பெருமையடித்தவர், இப்போது எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மெதுவடையைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தார். பெயர் நாகேந்திரன். கூட்ஸ் ரயில் டிரைவராக இருந்து ரிட்டயரானவர், ஊர் அரக்கோணம். அவருடைய புதுக் காரின் நாலு சக்கரங்களையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் இன்று காலை தேவயானியின் டாக்ஸியை வாடகைக்கு எடுத்திருந்தார்.

தேடும் சக்கரங்கள் டாக்ஸிக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

"என்னம்மா, அடியிலேயே குடித்தனம் வெச்சிட்டே? பஞ்சரா?"

வடையோடு எழுந்து வந்துவிட்டார் மனுஷன். தேவயானி துணியை உருட்டி சீட்டுக்கு அடியில் எறிந்துவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

"ஒண்ணுமில்ல சார். டயர்ல ஒரு கல்லு மாட்டிக்கினு இருந்துச்சு."

"நகரு, நான் பாக்கறேன். சக்கரம்னா எனக்குச் சொல்லித் தரணுமா?" என்று குனிந்தார். பாதி குனிவதற்குள் முழங்கால் ‘கடக்’கென்றது.

"வேணாம் சார்! நீங்க குனிஞ்சா அப்புறம் உங்கள நிமுத்த ஜாக்கிதான் போடணும்!"

காரின் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "பொண்ணு சொல்றது கேக்குதா? வந்து ஏறுங்க. போனது போவட்டும், வீட்டுக்குப் போலாம்."

அது ஜெயம்மாள், அவருடைய மனைவி. காலையிலிருந்து அந்த அம்மாள் சொல்லும் ஒரே வசனம் அதுதான். தேவயானிக்கு அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

நாகேந்திரன் முழங்காலைத் தடவிக்கொண்டு மிச்ச வடையை முடிக்கப் போனார். தேவயானி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள்.

போன வெள்ளிக்கிழமை சித்தூர் ரோட்டில் இருக்கும் பரசுராமனின் பழைய சாமான் கடைக்கு அவள் போனது ஒரு ஹெட்லைட்டுக்காக. போன இடத்தில் மூலையில் பளபளவென்று நாலு அலாய் வீல், டயரோடு. ஒவ்வொன்றின் நடுவிலும் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமப் பொட்டு. ஒரு ஓரத்தில் எலுமிச்சைச் சாறு பட்ட கறைகூட இருந்தது. புது வண்டியை மலைமேல் கொண்டுபோய் முருகன் சந்நிதிக்கு முன்னால் நிறுத்திப் பூஜை போட்ட சக்கரம் என்று திருத்தணிக்காரர் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.

"பெரிய இடத்துப் பார்ட்டிக்கா. இன்னும் பெரிய சைஸ் மாட்டிக்கினு இத்த குடுத்துட்டாரு," என்றான் பரசுராமன்.

வேறொரு பொருளாக இருந்தால் யார், எந்த ஊர், பில் எங்கே என்று அவனைப் பிழிந்து எடுத்திருப்பாள். ஆனால் மலைக்குப் போய்ப் பொட்டு வாங்கி வந்த பொருளைக் குறுக்குக் கேள்வி கேட்பதாவது! பிரசாதத்தை யாராவது எந்தக் கடை அரிசி என்று விசாரிப்பார்களா? தேவயானி செருப்பைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தன்னுடைய வழுக்கை டயர்களை வீலோடு அவனிடமே தள்ளிவிட்டு, இவற்றை மாட்டிக்கொண்டு, முருகனே மாட்டிவிட்டது போல் வீட்டுக்குப் போனாள். போதாக்குறைக்கு அந்தப் பொட்டுகளின் மேல் தன் கையாலும் ஒரு பொட்டு வைத்தாள்.

இப்போது மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

சக்கரம் போனால்கூடப் பரவாயில்லை. போகப்போவது ஸ்டாண்டில் இருக்கும் இடம். மலையடிவாரத்து டாக்ஸி ஸ்டாண்டில்தான் ரயிலிலும் பஸ்ஸிலும் வரும் கூட்டம் முழுக்க வந்து இறங்கும். அங்கே வரிசையில் இடமில்லாத டாக்ஸி, திருத்தணியில் வெயிலில் காயும் தகரம்தான். ‘பொம்பளைக்கு எதுக்கு ஸ்டாண்டு?’ என்று முறைத்த ஸ்டாண்டு தலைவர் வளவனை வழிக்குக் கொண்டுவர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சேர்ந்த அன்று மலையைப் பார்த்து நின்று, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள். இன்னொருத்தர் சவாரியைப் பறிக்க மாட்டேன். குடித்துவிட்டு ஓட்ட மாட்டேன். திருட்டுப் பொருளை வண்டியில் மாட்ட மாட்டேன். சத்தியம் தவறினால் அன்றோடு வெளியே. அப்பீல் கிடையாது.

பின்சீட்டுக்குக் கேட்காதபடி இறங்கித் தள்ளிப்போய், கணவன் அரசுவுக்கு போன் போட்டாள். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுபவன். நாலு தறியின் சத்தத்துக்கு நடுவே கத்தினான்.

"இன்னாது? சக்கரமா? யாரோடது?"

"கத்தாத பாவா! வண்டியில உக்காந்துகினு வர்றாரே, அவரோடதுதான்!"

அரசு ஒரு தறியை நிறுத்தினான்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாய மூடிக்கினு ஓட்டு. சாயந்திரம் ரயில் ஏத்தி உட்டுட்டு ஒரு கும்பிடு போடு."

யோசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

*

"அடுத்தது எந்தக் கடைம்மா?" நாகேந்திரன் முன்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, பச்சைக்கொடி காட்டுவது போலக் கையை அசைத்தார்.

"பைபாஸ்ல ரெண்டு கடை இருக்கு சார்."

"சித்தூர் ரோட்டுல பரசுராமன்னு ஒருத்தன் பெரிய கடை வெச்சிருக்கானாமே, டீக்கடைக்காரர் சொன்னாரு?"

"அங்க ரோடு வேலை நடக்குது சார்!" என்றாள் தேவயானி.

"ஐயோ, அந்த ரோடு வேணாங்க, வளைஞ்சு வளைஞ்சு போவும், எனக்கு வாந்தி வரும்!" என்றாள் ஜெயம்மாள், அதே மூச்சில்.

சித்தூர் ரோடு அளந்து கோடு போட்டது மாதிரி நேராகப் போகும். தேவயானி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். ஜெயம்மாள் ஜன்னல் வழியே மாட்டுக்கொட்டகை ஒன்றை மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தாள். நல்ல அம்மா, பாவம், உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு தேவயானி வண்டியை பைபாஸ் பக்கம் திருப்பினாள்.

பைபாஸ் கடைகளில் கண்ணாடி இருந்தது, கதவு இருந்தது, ஒரு முழு பஸ்ஸின் முகம்கூட இருந்தது. மஞ்சள் எழுத்துப் போட்ட சக்கரம் மட்டும் இல்லை. இதே மாடல் வீல், பொட்டோடு, திருத்தணியில் தெருவுக்கு நாலு ஓடுவதால் நாகேந்திரனுக்கு அந்த மஞ்சள்தான் ஒரே அடையாளம். நாகேந்திரன் சோர்வதாகவும் இல்லை. கடைக்குக் கடை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து காரில் ஏறியதும் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

"நான் பென்ஷன் விஷயமா மெட்ராஸ் போயிருந்தேம்மா. திரும்பி வந்து பாக்கறேன், நாலு பக்கமும் செங்கல்லு மேல நிக்குது வண்டி! பட்டப்பகல்ல! இவ உள்ள தூங்கிகினு இருந்திருக்கா. நாலு சக்கரத்தைக் கழட்டற சத்தம் கேக்காம தூங்கறதுக்கு எவ்ளோ பெரிய மனசு வேணும், சொல்லு!"

"மாத்திரை போட்டுத் தூங்கினேன்," என்றாள் ஜெயம்மாள் மாட்டுக்கொட்டகை இருந்த திசையைப் பார்த்தபடியே.

"நான் மட்டும் நம்பர் போடலைன்னா அவ்ளோதான். எங்க இன்ஜின்ல ஒவ்வொரு சக்கரத்துக்கும் நம்பர் உண்டு. லெஃப்ட் ஒண்ணு, ரைட்டு ஒண்ணு. அந்தப் பழக்கத்துல, பூஜை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததுமே படுத்துகினு அடியில எழுதினேன். எழுந்திரிக்கத்தான் பக்கத்து வீட்டுக்காரன் வர வேண்டியதாப் போச்சு."

"வண்டிய யாரு சார் ஓட்டறது?"

"நான்தான்! லைசென்ஸ் எடுத்துட்டேன்ல! அடுத்த மாசம் இவளை உக்கார வெச்சு நேரா திருப்பதி. அப்படியே காளஹஸ்தி."

"ஓட்டிப் பழகிட்டீங்களா?"

"ரெண்டு நாள் எடுத்தேன். பால் பூத்துல லேசா தட்டுச்சு."

"பூத்து இப்ப அந்த இடத்துல இல்லம்மா," என்றாள் ஜெயம்மாள்.

"அது அவன் ரோட்டுல கொண்டாந்து வெச்சது தப்பு! இத்தனை வருஷம் ஐம்பத்தெட்டு வேகன இழுத்துகினு போனவனுக்கு, அஞ்சு பேரு உக்கார்ற வண்டி ஒரு வண்டியா?"

"ரயிலுக்கு ஸ்டியரிங் ஏது சார்?" என்று தேவயானி கேட்டுவிட்டாள். பின்சீட்டில் ஜெயம்மாள் களுக்கென்று சிரித்ததும், நாகேந்திரன் திரும்பிப் பார்த்ததும், சிரிப்பு இருமலாக மாறிவிட்டது.

"நீ நல்லா ஓட்டற தேவயானி," என்றார் அவர், கோபமில்லாமல். "வண்டி பஞ்சு மாதிரி போவுது. இன்ஜின் மட்டும் நல்லா இருந்தா பத்தாதும்மா. சக்கரம் நல்லா இருக்கணும். உன் சக்கரம் அருமை."

தேவயானி ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பாராட்டினால் எங்கே போவது?

*

ஆர்.கே.பேட்டை ரோட்டில், வேப்பமரத்தடியில், கங்காதரனின் பஞ்சர் கடை. அங்கே நிறுத்தச் சொன்னதும் தேவயானி சந்தோஷமாகவே நிறுத்தினாள். அவளுக்குத் தெரிந்த ஆள். நடுரோட்டில் வண்டி நின்ற ஒரு மழை நாளில், கூப்பிட்ட குரலுக்கு டி.வி.எஸ்ஸில் காற்றுப் பம்போடு வந்து நின்ற மனுஷர். அவரிடம் ஒரு பழைய டியூப்கூடத் திருட்டு டியூபாக இருக்காது.

ஆனால் கடை வாசலில் நாலு அலாய் வீல்களைச் சாய்த்து வைத்திருந்தார். அதே மாடல்.

நாகேந்திரன் காரிலிருந்து இறங்கிய வேகத்தில் அவருடைய முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ. ஒரு வீலைப் புரட்டினார். முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"தின்னர்! தின்னர் போட்டுத் துடைச்சிருக்கான்! ஏய், எங்கடா என் மஞ்சள் பெயின்ட்டு?"

"இன்னா பெயின்ட்டுங்க?" கங்காதரன் கையில் பசை டப்பாவோடு விழித்தார். "லாரியில மோதின வண்டியோட வீலுங்க இது. வண்டிக்காரரே குடுத்தாரு. பெயின்ட்டு அடிக்கத்தான் துடைச்சு வெச்சிகினு கீறேன்."

"வண்டிக்காரர் யாரு? கூப்பிடு!"

"அவரு ஆஸ்பத்திரில கீறாருங்க. காலு உடைஞ்சு..."

"கதை உடாதே! துடைச்சவன் கையப் பாத்தாலே தெரியுதே, கை முழுக்கத் தின்னர் வாசனை!"

தேவயானி மெல்லத் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

டீ குடிக்க நின்ற ரெண்டு பைக், கறிவேப்பிலை மூட்டையோடு ஒரு ஆட்டோ, பஸ்ஸுக்குக் காத்திருந்த கும்பல் எல்லாம் கூடிவிட்டன. யாரோ செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தான். நாகேந்திரன் கங்காதரனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போலீசுக்கு நம்பர் போட்டார்.

"ஏங்க, விட்டுடுங்க! போனது போவட்டும்!" ஜெயம்மாள் காரிலிருந்தே கூவினாள். 

கங்காதரன் கூட்டத்தில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேடினார். தேவயானியின் மேல் கண் நின்றது.

"தேவயானி, நீ சொல்லும்மா! நான் திருடுறவனா? சொல்லும்மா!"

வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்றான் அரசு. ஓட்டியிருப்பாள். நாகேந்திரனை ரயில் ஏற்றிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகச் சக்கரத்தைப் பரசுராமன் மூஞ்சியில் எறிந்துவிட்டு, ஒரு தேங்காய் உடைத்து முருகனிடம் கணக்கை முடித்திருப்பாள். ஆனால் அவளுக்குப் போகவேண்டிய மானம் இப்போது இன்னொருத்தர் சட்டைக் காலரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், போன வைங்க," என்றாள். "அவர விடுங்க. உங்க சக்கரம் இருக்கற இடம் எனக்குத் தெரியும்."

நாகேந்திரனின் கை தளர்ந்தது. கூட்டம் முழுக்கத் தேவயானியைப் பார்த்தது. அதில் எல்லாரையும்விட மிரண்டுபோய்ப் பார்த்தது ஜெயம்மாள்தான்.

"உனக்கு... உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஸ்டாண்டுக்குப் போலாம்மா. அங்க எல்லார் எதிர்லயும் சொல்றேன்."

இங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் செல்போன் வீடியோ அவளுக்கு முன்னால் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும். வளவன் அதை எட்டுத் தடவை போட்டுப் பார்ப்பார். இடம் போவதென்று ஆகிவிட்டது, தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

திரும்பும் வழியில் நாகேந்திரன் நூறு கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் தேவயானியின் பதில் ‘ஸ்டாண்டுல சொல்றேன் சார்’ என்பதுதான். பின்சீட்டில் ஜெயம்மாளுக்கு வியர்த்து ஊற்றியது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

*

மலையடிவாரம். வெயில் தாழ்ந்து, படியேறும் கூட்டம் மறுபடி கூட ஆரம்பித்த நேரம். ஸ்டாண்டில் வளவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மற்ற டிரைவர்கள் ஆளுக்கொரு பானெட்டில் சாய்ந்திருந்தார்கள்.

தேவயானி வண்டியை நிறுத்தி இருவரையும் இறங்கச் சொன்னாள். டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்தாள். பக்கத்தில் கட்டுமானத்துக்கு அடுக்கியிருந்த செங்கற்களில் கை கொண்ட மட்டும் தூக்கிவந்து கீழே போட்டாள்.

"இன்னாம்மா, பஞ்சரா?" என்றார் வளவன்.

"இல்லண்ணா. உங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்." அவள் வீல் ஸ்பேனரை மாட்டி முதல் நட்டைத் தளர்த்தினாள். "சாரோட வண்டிலேருந்து நாலு சக்கரத்த யாரோ கழட்டிகினு போய்ட்டாங்க. அந்த நாலும் இதுதான். நான் தெரியாமத்தான் வாங்கினேன். ஆனா காலையில டீக்கடைகிட்ட தெரிஞ்சிகினு, சொல்லாம மறைச்சிட்டேன். மஞ்சள அழிக்கக்கூடப் பாத்தேன். அது தப்பு. வாங்கினதவிடப் பெரிய தப்பு."

 வளவனின் கையிலிருந்து ஒரு வேர்க்கடலை நழுவி உருண்டு ஓடியது.

நாகேந்திரன் குனியவில்லை. நேராகத் தரையிலேயே படுத்துவிட்டார். டார்ச்சைக் காருக்கு அடியில் அடித்தார்.

"ஆர் ரெண்டு!" அடியிலிருந்து அவர் குரல் எதிரொலித்தது. "எல் ரெண்டு! அடிப்பாவி! காலையிலேருந்து என் சக்கரத்து மேலயே என்னை உக்கார வெச்சு, எனக்கே வாடகை போட்டு, என் சக்கரத்தத் தேடவும் வெச்சியா நீ?"

ஒரு டிரைவர் தாங்க முடியாமல் சிரித்துவிட்டான். தொற்றிக்கொண்டு நாலு பேர் சிரித்தார்கள். வளவன் முறைத்ததும் நிறுத்தினார்கள்.

"வாடகை வேணாம் சார்," என்றாள் தேவயானி, ஸ்பேனரை மிதித்தபடி. "கங்காதரண்ணன் கடைக்கு மட்டும் ஒரு நடை வந்து, அவரு மேல தப்பு இல்லன்னு சொல்லிடுங்க. அங்க நாலு பேரு எதிர்ல சொல்லணும்."

முதல் சக்கரம் கழன்றது. செங்கல் ஏறியது. இரண்டாவது. மூன்றாவதுக்கு அவள் குனிந்தபோது, சிரித்த டிரைவரே வந்து ஜாக்கியைப் பிடித்துக்கொண்டான். கழற்றியதை எல்லாம் தன் வண்டி டிக்கியில் அவனே ஏற்றினான். தரையிலிருந்து நாகேந்திரனைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

வளவன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"கற்பூரம் அணைச்சது ஞாபகம் இருக்குதாம்மா?"

"இருக்குதுண்ணா."

"யாருகிட்ட வாங்கினே?"

"சித்தூர் ரோட்டு பரசுராமன்."

காரோரம் நின்றிருந்த ஜெயம்மாள் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். 

"போன் போடு," என்றார் வளவன். "ஸ்பீக்கர்ல போடு. வித்தவன் ஆமான்னு ஒத்துக்கினா நீ ஏமாந்தவ. இருந்துக்கோ. ஒத்துக்கலைன்னா நீ கூட்டாளி. வெளிய போயிடணும். ஆம்பள பொம்பள பாக்கலம்மா, எல்லாருக்கும் இதே நியாயம்தான்."

நியாயமாகத்தான் இருந்தது. தேவயானி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுக்கா!" பரசுராமனின் குரலில் வெல்லம் சொட்டியது.

"பரசு, வெள்ளிக்கிழமை உன்கிட்ட நாலு அலாய் வீல் வாங்கினேனே, சந்தனம் குங்குமத்தோட. அதோட சொந்தக்காரரு இங்க நிக்கிறாரு. நீதான் குடுத்தேன்னு ஸ்டாண்டுல சொல்லு."

குரலில் இருந்த வெல்லம் கரைந்தது. "இன்னா வீலு? இன்னாக்கா பேசறே? நீ ஹெட்லைட்டுதானே வாங்கினே?"

"பரசு!"

"எவன்கிட்டயோ திருட்டு வீல வாங்கி மாட்டிகினு என் பேரச் சொல்றியா? பில்லு கீதா? சாட்சி கீதா? என் கடைக்கு வீலே வரலக்கா. ஆண்டவன் சாட்சி!"

தேவயானி போனையே முறைத்தாள். பில் கேட்கவில்லை. சாமி பொட்டு வைத்த பொருளுக்கு எவள் பில் கேட்பாள்? சாட்சிக்கு அந்தப் பொட்டுதான் இருந்தது, அது பேசாது.

"பொருள் கைக்கு வந்துடுச்சுப்பா," என்றார் நாகேந்திரன் தயக்கத்தோடு. "தானா வந்து சொன்ன பொண்ணு. விட்டுடேன்."

"இது எங்க ஸ்டாண்டு விஷயம் சார்." வளவன் அவளைப் பார்க்காமல் சொன்னார். "வண்டிய நாளைக்கே எடுத்துடும்மா."

தேவயானி போனை அணைக்க விரலைக் கொண்டுபோனாள். அதற்குள் வளையல் போட்ட ஒரு கை குறுக்கே நீண்டு, அதை அவளிடமிருந்து பிடுங்கியது.

ஜெயம்மாள்! வியர்வையைத் துடைக்கவில்லை. கணவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. போனை வாய்க்கு நேராகப் பிடித்து, மலைமேல் மணியடிப்பவருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"டேய் பரசு! உங்க ஊரு மணவூர் ஜெயம்மா அத்தை பேசறேன்டா! என் கடைக்கு வீலே வரலைன்னா சொல்றே? அவரு மெட்ராஸ் போன அன்னிக்கு உன்னை போன் போட்டு வரவழைச்சு, செங்கல்லயும் நானே எடுத்துக் குடுத்து, கார் ஓட்டற ஆசை அவருக்கு அடங்கற வரைக்கும் இந்த நாலையும் பத்திரமா வெச்சிருடான்னு என் கையால ஏத்தி அனுப்பினேனே, அத்த விக்கச் சொல்லி உனக்கு எவன்டா சொன்னான்?"